அசலா, பிரதியா? ஒரு 1903ஏ4 ஸ்னைப்பர் ரைஃபிளின் நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் ஒரு குடும்பம். வீட்டுப் பெரியவர் காலமானபின் அவருடைய துப்பாக்கிப் பெட்டகத்தைக் காலி செய்ய முடிவெடுத்தார்கள். வேட்டைத் துப்பாக்கிகளுக்கு விலை வைப்பதில் சிக்கல் இல்லை. ஒன்றே ஒன்றை மட்டும் போர்வையில் சுற்றித் தனியே வைத்திருந்தார்கள். ஸ்கோப் பொருத்திய பழைய ராணுவ ரைஃபிள் அது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கத் தரைப்படை ஸ்னைப்பர்கள் பயன்படுத்திய எம்1903ஏ4 என்பது மகனின் நம்பிக்கை. ஏல நிறுவனத்துக்கு அனுப்புமுன் ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டார்.

கேள்வி சின்னது, பதிலில்தான் ஆயிரக்கணக்கான டாலர் தொங்குகிறது. அசல் என்றால் ஒரு விலை, பிரதி என்றால் அதில் ஒரு பங்கு. பிரதியை அசல் என்று சொல்லி விற்றுவிட்டால் நாளைக்கு வழக்கு, வம்பு, கெட்ட பெயர்.

ஏ4 என்றால் என்ன

ஸ்பிரிங்ஃபீல்டு எம்1903 என்பது அமெரிக்க ராணுவத்தின் பழைய, ஒவ்வொரு முறையும் கையால் கைப்பிடியை இழுத்துத் தோட்டா ஏற்றும் போல்ட்-ஆக்‌ஷன் ரைஃபிள். முதல் உலகப் போர் முடிந்த பிறகு ராக் ஐலண்டு ஆயுதக் கிடங்கில் அதன் இயந்திரங்கள் சும்மா கிடந்தன. 1941-ல் அவற்றை நியூயார்க் மாநிலத்தின் இலியன் நகரில் இருந்த ரெமிங்டன் ஆலைக்குக் கொண்டுபோய், மறுபடி ஓட்டினார்கள். போர்க்கால அவசரத்தில் கடைந்தெடுத்த பாகங்களுக்குப் பதிலாகத் தகட்டில் அச்சடித்த பாகங்களைப் போட்டு எளிமையாக்கிய வடிவம்தான் 1942-ல் வந்த 03-ஏ3. ரெமிங்டனோடு ஸ்மித்-கொரோனா நிறுவனமும் அதைச் செய்தது. தட்டச்சு இயந்திரத்துக்குப் பேர்போன அதே ஸ்மித்-கொரோனாதான்.

1943 ஜனவரியில் ராணுவத்துக்கு உடனடியாக ஸ்னைப்பர் ரைஃபிள் தேவைப்பட்டது. புதிதாக ஒன்றை வடிவமைக்க நேரமில்லை. ரெமிங்டன் செய்துகொண்டிருந்த 03-ஏ3-களில் 20,000-ஐத் திருப்பி, ஸ்கோப் வைத்துக் கொடுக்கச் சொன்னார்கள். இப்படிப் பிறந்ததுதான் ஏ4. 1944-க்குள் மொத்தம் 28,365 செய்யப்பட்டன. ஸ்மித்-கொரோனா ஏ4 செய்யவே இல்லை. பின்னால் இது உதவும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்கோப்பும் கடைச்சரக்குதான். டெக்சஸில் உள்ள எல் பாசோவின் வீவர் நிறுவனம் வேட்டைக்காரர்களுக்கு விற்றுவந்த 330சி. முக்கால் அங்குலக் குழாய், மூன்று மடங்கைக்கூட எட்டாத உருப்பெருக்கம். ராணுவம் அதற்கு எம்73பி1 என்று பெயர் சூட்டியது. லைமன் அலாஸ்கன் ஸ்கோப்தான் முதல் தேர்வாக இருந்தது, ஆனால் அது போதிய எண்ணிக்கையில் கிடைக்கவில்லை. ஸ்கோப்பைத் தாங்கும் பேஸ் ரெட்ஃபீல்டு ஜூனியர். அதுவும் வேட்டைச் சந்தையிலிருந்து வந்ததே.

இந்த அவசரக் கல்யாணத்தால் வந்த குறைகள் பல. ஸ்கோப் ரிசீவருக்கு (போல்ட்டும் பேரலும் பொருந்தும் நடு உடல்) நேர் மேலே உட்கார்ந்துவிட்டதால் ஐந்து தோட்டாக்களைக் கிளிப்பில் வைத்து ஒரே தள்ளில் ஏற்ற முடியாது; ஒவ்வொன்றாகத்தான் போட வேண்டும். போல்ட் கைப்பிடி ஸ்கோப்பில் இடிக்காமலிருக்க அதைக் கீழே வளைத்து, மேற்பக்கத்தில் குழிவாகக் குறைத்தார்கள். கண்ணால் குறிபார்க்க உதவும் முன் சைட்டும் இல்லை, பின் சைட்டும் இல்லை. மழையில் ஸ்கோப்புக்குள் பனி படர்ந்தால் ஸ்னைப்பர் கையில் இருப்பது வெறும் தடி. ஆனால் குளோன், அதாவது அச்சு அசலான பிரதி, செய்கிறவர்களுக்கு இந்தக் குறைகளே அடையாளங்கள். எது எங்கே எப்படி வளைந்திருக்க வேண்டும் என்பதை இவைதான் சொல்கின்றன.

ஏன் குளோன்

பழைய ராணுவ ரைஃபிளை அப்படியே மறுபடி உருவாக்கிப் பார்க்கும் பொழுதுபோக்குக்கு அமெரிக்காவில் இரண்டு காரணங்கள். ஒன்று, அசல் கிடைக்காது, கிடைத்தாலும் கட்டுப்படியாகாது. இன்னொன்று சட்டம். வியட்நாம் கால எம்16ஏ1 வேண்டும் என்றால், தானாகச் சுடும் துப்பாக்கிகளைப் பொதுமக்களுக்குப் புதிதாகப் பதிவு செய்வது 1986 மே 19-டன் நின்றுபோனது. ஆகவே எம்16 குளோன் எல்லாம் வெளித்தோற்றத்தில் எம்16, உள்ளே ஒரு இழுப்புக்கு ஒரு குண்டு. பேரல் 16 அங்குலத்துக்குக் குறைந்தால் 1934-ம் ஆண்டுச் சட்டப்படித் தனிப் பதிவு. வடக்கு வியட்நாமின் சோன் டே சிறை மீட்பு முயற்சியில் (1970 நவம்பர்) வீரர்கள் ஏந்திய குட்டைக் கார்பைனைக் குளோன் செய்ய ஆசைப்படுகிறவர் முதலில் மோதுவது இந்த அங்குலக் கணக்கில்தான்.

1903ஏ4-க்கு இந்தத் தலைவலி கிடையாது. சாதாரண போல்ட்-ஆக்‌ஷன், நீளமான பேரல், வேட்டைத் துப்பாக்கிக்கு உள்ள விதிகள்தான். அதனால் இங்கே சட்டத்துக்காக எதையும் மாற்ற வேண்டியதில்லை. அசலை அச்சு அசலாக எட்டிவிடலாம். தொல்லையே அங்கேதான் ஆரம்பிக்கிறது. எம்16 குளோனை யாரும் அசல் என்று நம்பி ஏமாற மாட்டார்கள். ஏ4 குளோனை நம்புவார்கள்.

மூலப்பொருளுக்கும் பஞ்சமில்லை. போருக்குப் பின் உபரியான 03-ஏ3-களை அரசின் குடிமக்கள் துப்பாக்கி சுடும் திட்டம் வழியாக மலிவாக விற்றார்கள். வாங்கியவர்கள் ஸ்டாக்கை, அதாவது துப்பாக்கியின் மரச்சட்டத்தை, அறுத்தார்கள், பின் சைட்டைக் கழற்றி எறிந்தார்கள், ரிசீவரில் துளை போட்டு ஸ்கோப் வைத்தார்கள், மான் வேட்டைக்குப் போனார்கள். சேகரிப்பாளர் கண்ணில் அவை பாழானவை. குளோன்காரர் கண்ணில் அவைதான் சரியான டோனர், அதாவது குளோனுக்கு உடல் தரும் துப்பாக்கி. ஏற்கெனவே துளை விழுந்ததை எடுத்து ஏ4 ஆக்குவது ஒரு வகையில் மீட்பு வேலை. துளையே படாத, முழுசான 03-ஏ3-ஐ எடுத்து ட்ரில் வைக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம் வரும். ஒரு அசலைக் கொன்று ஒரு நகலைப் பெறுவதில் என்ன லாபம்?

2011-ல் ஓஹையோவின் கேம்ப் பெர்ரியில் பழைய ஸ்னைப்பர் ரைஃபிள்களுக்கென்று இருவர் அணிப் போட்டி தொடங்கியது. 300 கஜம், 600 கஜம், இலக்கு எழுந்து நிற்பது 20 வினாடி. 1953 வரையிலான வடிவமாக இருந்தால் போதும், பிரதியும் செல்லும். அன்றிலிருந்து ஏ4 குளோனுக்குக் கிராக்கிதான். கிப்ஸ் ரைஃபிள் கம்பெனி தொழிற்சாலைப் பிரதியாகவே விற்றது. ஹை-லக்ஸ் நிறுவனம் வீவர் ஸ்கோப்பின் சாயலில் எம்73ஜி4 என்று ஒன்றைக் கொண்டுவந்தது. ஆக, பார்க்க ஏ4 போலவே இருக்கிற, ஏ4 அல்லாத ரைஃபிள்கள் இன்று ஏராளம்.

மேசைமேல்

முதலில் காலியா என்று பார்த்தேன். போல்ட்டைத் திறந்து, தோட்டா உட்காரும் சேம்பரில் விரல் விட்டு, மேகசீனையும் பார்த்தபின்தான் மற்றது. பெரியவர் போய் ஓராண்டானாலும் இதில் விதிவிலக்கு இல்லை.

தூரத்திலிருந்து பார்க்க ரைஃபிள் அபாரம். சி ஸ்டாக் எனப்படும் பிஸ்டல் பிடி வைத்த வால்நட் மரம், எண்ணெய் மட்டும் தேய்த்த மங்கல் நிறம். பாலியூரித்தேன் பூசிப் பளபளவென்று ஆக்கும் அசட்டுத்தனம் இல்லை. உலோகத்தில் பார்க்கரைஸிங் என்ற துருத்தடுப்புப் பூச்சின் மங்கிய சாம்பல். டிரிகர் கார்டும் வளையங்களும் தகட்டில் அச்சடித்தவை. முந்தைய எம்1903-ன் கடைந்தெடுத்த பாகங்கள் ஒன்றுகூடக் கலக்கவில்லை. பேரல் முனையில் ரெமிங்டனைக் குறிக்கும் ஆர்.ஏ., வெடிகுண்டு முத்திரை, 1943-ஐக் காட்டும் மாதமும் ஆண்டும். தோல் பட்டை 1907 மாதிரி. செய்தவர் யாராக இருந்தாலும் படித்துச் செய்திருக்கிறார்.

முதல் நெருடல் ஸ்கோப்பில். ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகச் சாய்த்தால் லென்ஸின் மேல் பச்சையும் ஊதாவும் கலந்த மினுமினுப்பு. பல அடுக்குப் பூச்சு கொண்ட நவீன லென்ஸின் ஒளி அது; 1943 லென்ஸில் இருக்கவே முடியாது. ஆனால் இதை வைத்து மட்டும் தீர்ப்பு எழுதக் கூடாது. ஸ்கோப் தனியே கழன்று வருகிற பொருள். போருக்குப் பின் பல அசல் ஏ4-களுக்கே ராணுவம் வீவரை எடுத்துவிட்டு எம்84 என்ற ஸ்கோப்பை வைத்தது. அசல் ரைஃபிளில் நகல் ஸ்கோப் இருப்பது சகஜம்.

அடுத்து போல்ட். கைப்பிடியின் குழிவு சரியான இடத்தில்தான் இருந்தது. பூதக்கண்ணாடி வைத்து அடிப்பகுதியைப் பார்த்தால், மயிரிழை அளவுக்கு ஒரு கோடு, அரத்தால் தேய்த்து மறைத்த வெல்டிங். ரெமிங்டன் கைப்பிடியைக் காய்ச்சி அடித்து வளைத்தது, வெட்டி ஒட்டவில்லை. வேட்டைக்காகத் துப்பாக்கியை மாற்றுகிற பட்டறைகளில்தான் வெட்டி ஒட்டுவார்கள். நெருடல் இப்போது சந்தேகமானது. போல்ட்டும் மாற்றத்தக்கதே என்றாலும் ஒரே பக்கம் சாயும் சாட்சிகள் கூடிக்கொண்டே போயின.

ஸ்டாக்கின் இடப்பக்கம் வெறுமையாக இருந்தது. ரெமிங்டனின் போர்க்கால ஸ்டாக்குகளில் அங்கே எஃப்.ஜே.ஏ. என்ற முத்திரை இருக்கும். ரோச்செஸ்டர் பகுதி ராணுவ ஆய்வாளர் கர்னல் ஃபிராங்க் ஜே. அட்வுட்டின் முதலெழுத்துகள். "தேய்ந்து போயிருக்கும்" என்றார் மகன். தேய்ந்தால் நிழலாவது மிஞ்சும். மரம் தேயாமல் முத்திரை மட்டும் தேயாது. அதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு: எஃப்.ஜே.ஏ. முத்திரையின் நகல் அச்சுகள் விலைக்குக் கிடைக்கின்றன. இத்தனை நுணுக்கமாகச் செய்த மனிதர் அதை மட்டும் விட்டிருக்கிறார் என்றால் மறதியாக இருக்காது.

எண் எங்கே?

மகன் ஒரு விஷயத்தைப் பெருமையோடு சொன்னார்: "இதில் சீரியல் நம்பரே இல்லை. ஸ்னைப்பர் ரைஃபிள் ரகசிய ஆயுதம், அதனால் நம்பர் போடவில்லை."

அங்கேயே விடை கிடைத்துவிட்டது.

சாதாரண 03-ஏ3-ல் தயாரிப்பாளர் பெயர், மாடல், எண் எல்லாம் ரிசீவர் வளையத்தின் உச்சியில் நடுவாக இருக்கும். ஏ4-ல் அந்த இடத்தை ஸ்கோப் பேஸ் மூடிவிடும். அதனால் ரெமிங்டன் எழுத்துகளை இரண்டாகப் பிரித்தது. பேஸுக்கு இடப்பக்கம் பெயரும் மாடலும், வலப்பக்கம் எண். பேஸ் ஏறிய பிறகும் இரண்டையும் படிக்கலாம். அசல் ஏ4 என்றால் எதையும் கழற்றாமலே எண் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் ரகசியம் ஒன்றும் இல்லை, எண் பேஸுக்கு அடியில் இருக்கிறது, அவ்வளவுதான்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அசல் ஏ4-ல் "மாடல் 03-ஏ3" என்றுதான் பொறித்திருக்கும். ஏ4 என்று ரெமிங்டன் பொறித்ததே இல்லை. இது தெரியாமல் அசலைக் கையில் வைத்துக்கொண்டு "இது வெறும் ஏ3" என்று குறைந்த விலைக்குக் கொடுத்தவர்கள் உண்டு. மாறாக, ஏ4 என்று கொட்டை எழுத்தில் பொறித்திருந்தால் அதைப் பார்த்து மகிழ வேண்டாம், சந்தேகப்படுங்கள்.

குடும்பத்தின் அனுமதியோடு ஸ்கோப்பைக் கழற்றினோம். ரெட்ஃபீல்டு அமைப்பில் பின் வளையத்தைப் பிடித்திருக்கும் இரண்டு பக்கத் திருகுகளைத் தளர்த்தி, ஸ்கோப்பைக் குறுக்காகத் திருப்பினால் முன் வளையம் விடுபட்டு வரும். பிறகு பேஸ். அடியில், காற்றே படாத கருமையோடு, நடுவாக நான்கு வரி: யு.எஸ்., ரெமிங்டன், மாடல் 03-ஏ3, அதன் கீழ் 39 லட்சத்தில் தொடங்கும் எண். ஏ4-க்கு ஒதுக்கிய முதல் வரிசை 34,07,088 முதல் 34,27,087 வரை. பின்னர் வந்தவை 49 லட்சத்து 92 ஆயிரத்தை ஒட்டியும், இசட் என்ற எழுத்தை முன்னால் வைத்து 40 லட்சத்திலும் போகின்றன. 39 லட்சம் எதிலும் சேராது. பக்கத்திலேயே, இப்போதைய பேஸோடு சேராத ஒரு பழைய துளை, உள்ளே திருகு போட்டு அடைத்து மட்டமாகத் தேய்த்திருந்தது. முன்பு மான் வேட்டைக்குப் போன டோனர்.

மரத்தையும் பிரித்தோம். பேரல் படுக்கும் பள்ளத்தில் மரம் நேற்று வெட்டியது போல வெளுப்பு. எழுபது எண்பது வருட எண்ணெய்யும் அழுக்கும் ஊறிய கறுப்பு இல்லை. அந்த வெளுப்பின் மேல் பென்சிலில், பொறியாளர் கையெழுத்தில் இரண்டு வரி: ஏ4-ன் பிரதி, அசல் அல்ல, ரிசீவரும் பேரலும் மட்டும் ரெமிங்டன். கீழே ஆண்டு, பெயரின் முதலெழுத்துகள்.

பெரியவரின் மனைவியான அம்மையார் அதைப் பார்த்ததும் "அவர் எழுத்துதான்" என்றார். மகன் சற்று நேரம் பேசவில்லை. அப்பா போர்க்கதை எதுவும் சொன்னதில்லை என்று அம்மையார்தான் எடுத்துக்கொடுத்தார். கதை வளர்ந்தது அவர் போன பிறகு, பிள்ளைகளுக்குள்.

குளோனும் போலியும்

குளோன் செய்கிறவனுக்கும் போலி செய்கிறவனுக்கும் கைத்திறனில் வித்தியாசம் இல்லை. இருவரும் பழைய புகைப்படங்களைப் பார்க்கிறார்கள், அதே பாகங்களைத் தேடுகிறார்கள், பார்க்கரைஸிங்கின் நிறத்துக்காக மெனக்கெடுகிறார்கள். பிரியும் இடம் ரிசீவர். போலிக்காரன் நடுவில் உள்ள எழுத்தைச் சுரண்டிவிட்டு, பக்கவாட்டில் புது எண் அடிக்கிறான். அமெரிக்க மத்திய சட்டத்தில் எண்ணை அழித்த, மாற்றிய துப்பாக்கியை வைத்திருப்பதே குற்றம். அடித்தவன் மட்டுமல்ல, தெரிந்தே வாங்கியவனும் மாட்டுவான். இந்தப் பெரியவர் ரிசீவர் எழுத்தைத் தொடவில்லை, முத்திரை குத்தவில்லை, மரத்துக்குள் எழுதிவைத்தார். என் கணக்கில் அவர் வேலையிலேயே நேர்த்தியான பகுதி அந்தப் பென்சில் வரிதான். ஒரு குறை மட்டும் உண்டு. யாரும் பிரித்துப் பார்க்காத இடத்தில் எழுதினார். ரைஃபிளோடு கூடவே பயணப்படுகிற ஒரு தாளும் பெட்டகத்தில் இருந்திருந்தால் பிள்ளைகள் வேறு கதை கட்டியிருக்க மாட்டார்கள்.

அதே காலத்து இன்னொரு அமெரிக்க ராணுவ ரைஃபிளான எம்1 கேரண்டின் ஸ்னைப்பர் வகைகளைப் பார்த்தால் இந்த ஏ4 வழக்கு எவ்வளவு சுலபம் என்பது புரியும். எம்1சி-யில் ஸ்கோப் தாங்கி ரிசீவரில் துளையிட்டுப் பொருத்தப்பட்டது, அதனால் எண்ணும் துளையும் பேசும். எம்1டி-யில் ரிசீவரைத் தொடவே இல்லை, தாங்கி பேரலில். பேரலை மாற்றினால் எந்த கேரண்டும் எம்1டி ஆகிவிடும். அங்கே இரும்பைப் பார்த்து முடிவு சொல்ல வழியே இல்லை. அரசுத் திட்டத்தில் விற்றபோது கொடுத்த சான்றிதழ் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் வாய்ச்சொல்தான்.

பாகங்கள் கலந்து கிடந்தால் "இது ராணுவக் கிடங்கில் பழுதுபார்த்தது" என்று சொல்லித் தப்பிக்கிற பழக்கமும் குளோன் வட்டாரத்தில் இருக்கிறது. கிடங்குகளில் கலந்தது உண்மைதான். ஸ்மித்-கொரோனா பாகம் ஏறிய அசல் ஏ4 உண்டு. ஆனால் 1944 நார்மண்டி என்று சொல்லி வீவர் ஸ்கோப் வைத்துவிட்டு, பொருந்தாத பாகத்துக்கு மட்டும் 1950-களின் பழுதுபார்ப்பைச் சாட்சிக்கு அழைப்பது அழுகுணி ஆட்டம். ஒரு தேதியைத் தேர்ந்தெடுத்தால் எல்லாப் பாகமும் அதற்குக் கட்டுப்பட வேண்டும். இந்தப் பெரியவர் 1943-ஐத் தேர்ந்தெடுத்து, போல்ட்டும் ஸ்கோப்பும் தவிர மற்றவற்றில் அதற்கு உண்மையாக இருந்தார்.

விற்பனை

சுடலாமா என்பது அடுத்த கேள்வி. பழைய எம்1903-களில் இது பெரிய விவகாரம். ஸ்பிரிங்ஃபீல்டு ஆலையின் 8,00,000-க்குக் கீழும், ராக் ஐலண்டின் 2,85,507-க்குக் கீழும் எண் கொண்ட ரிசீவர்கள், இரும்பின் சூட்டைத் தொழிலாளி கண்ணாலேயே மதிப்பிட்ட காலத்தவை. சில அளவுக்கு மீறிக் காய்ந்து, கண்ணாடி போல நொறுங்கும் தன்மை பெற்றன. அமெரிக்க மரைன் படையினரின் எட்டு மடங்கு அனர்ட்டல் ஸ்கோப் வைத்த ஸ்னைப்பர் ரைஃபிளைக் குளோன் செய்யப் பழைய ரிசீவர் தேடுகிறவர்கள் இதை முதலில் பார்க்க வேண்டும். ரெமிங்டனின் 03-ஏ3-க்கு இந்த ஆபத்து இல்லை. இங்கே கவலை வேறு: போல்ட் வேறொரு ரைஃபிளிலிருந்து வந்தது, கைப்பிடி வெல்டு செய்தது. ஹெட்ஸ்பேஸ் (மூடிய போல்ட்டுக்கும் சேம்பரில் தோட்டா நிற்கும் இடத்துக்கும் உள்ள இடைவெளி) அளக்காமல் ஒரு தோட்டாகூட வேண்டாம் என்று சொல்லி, உரிமம் பெற்ற கன்ஸ்மித்திடம் (துப்பாக்கித் தொழில்வல்லுநர்) அனுப்பினோம். அளவு சரியாக இருந்தது. வெல்டும் உறுதி என்று சொன்னார்.

ஏல நிறுவனம் முதலில் "1903ஏ4 வகை" என்று போடலாம் என்று யோசனை சொன்னது. சட்டப்படித் தப்பில்லை. படிக்கிறவன் "வகை"யை விட்டுவிட்டு மீதியைப் படிப்பான் என்பது அவர்களுக்கும் தெரியும். அம்மையார் மறுத்துவிட்டார். பட்டியலில் போனது இதுதான்: ரெமிங்டன் 03-ஏ3 ரிசீவர் மேல் தனிநபர் செய்த ஏ4 பிரதி, நவீன நகல் ஸ்கோப், ரிசீவர் எழுத்துகள் மாற்றப்படவில்லை, அடைத்த பழைய துளை ஒன்று, ஸ்டாக்குக்குள் செய்தவர் குறிப்பு. பேஸ் கழற்றிய நிலையில் ஒரு படமும், பென்சில் வரிகளின் படமும் சேர்த்தார்கள்.

அசல் விலையில் ஒரு பங்குதான் கிடைத்தது. ஆனால் பாகங்களைத் தனித்தனியே விற்றிருந்தால் வந்திருக்கும் தொகையைவிட அதிகம். வாங்கியவர் கேம்ப் பெர்ரி போட்டிக்குப் போகிறவர். சேகரிப்பாளராக இருந்தால் வெல்டைப் பார்த்து விலகியிருப்பார். இவர் விசாரித்தது இரண்டே விஷயங்கள்தான்: பேரல் உட்புறம் எப்படி இருக்கிறது, ஸ்கோப் மழையில் பனி பிடிக்குமா.